நாரை ஊன்றாத கால்

அந்தக் காலத்தில் நாரைக்கு வாயில் பேச்சு இருந்தது. நின்றால் இரண்டு காலும் தரையில் இருந்தன. இன்று பேச்சு முழுதாகப் போய்விட்டது, காலில் பாதி போய்விட்டது. இரண்டும் போனதற்குக் காரணம் ஒரு மனிதன். அவன் கெட்டவன் இல்லை, பெரிய கெட்டிக்காரனும் இல்லை. குழம்பிப்போனவன், அவ்வளவுதான். உலகத்தில் பாதிக் காரியங்களைக் குழம்பிப்போனவர்கள்தான் நடத்துகிறார்கள். மீதிப் பாதியை யார் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்று ஜப்பான் என்று நாம் சொல்லும் தீவு நாட்டில், மலைகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கு. நடுவில் ஓர் ஆறு. ஆற்றின் இந்தக் கரையில் கவாசே குலத்தார், அந்தக் கரையில் தனோபே குலத்தார். இரண்டு குலத்தாரும் நெல் விளைத்தார்கள், ஒரே ஆற்று மீனைத் தின்றார்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். எல்லாம் ஒன்றுதான். சாவு ஒன்றில் மட்டும் ஒத்துப்போகவில்லை.

அந்த நாட்டில் பெரிய மனிதர் இறந்தால் குழி தோண்டிப் புதைத்துவிட்டுக் கை கழுவிப் போகமாட்டார்கள். ஒரு குன்று உயரத்துக்கு மண்ணைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டி, இடித்துக் கெட்டியாக்கி, அதன் உச்சியில் குழி வெட்டி உடலை வைப்பார்கள். கவாசேக்காரர்களின் மேடு வட்டம். சூரியன் வட்டம், நிலா வட்டம், நாங்கள் கும்பிடும் வெண்கலக் கண்ணாடி வட்டம், செத்தவர் மட்டும் எதற்கு மூலையில் முட்டிக்கொண்டு கிடக்கவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. தனோபேக்காரர்களின் மேடு சதுரம். வயல் சதுரம், வீடு சதுரம், நெல் போட்டுவைக்கும் பத்தாயம் சதுரம், வட்டத்தில் படுத்தால் தலைமாடு எது கால்மாடு எது என்று தெரியாமல் ஆவி சுற்றிக்கொண்டே இருக்காதா என்பது இவர்கள் கேள்வி. இரண்டும் நல்ல கேள்விகள்தான், அதனால்தான் பதிலே இல்லை.

மேட்டுக்கு அளவு போடுகிறவன் பெயர் குரோமாரோ. கவாசேயில் பிறந்தவன். ஆனால் இரண்டு குலத்துக்கும் அவன் ஒருவனே கயிற்றுக்காரன். வட்டம் என்றால் நடுவில் ஒரு முளையை அடித்து, சணல் கயிற்றைக் கட்டி, இழுத்துப் பிடித்தபடி சுற்றி வருவான். சதுரம் என்றால் நான்கு முளை, முடிச்சுப் போட்ட கயிறு. கயிறு போன வழியில் அவன் மனைவி பின்னாலேயே அரிசி மாவைத் தூவிக்கொண்டு வருவாள். அந்த மாவுக் கோடு விழுந்துவிட்டால் முடிந்தது. அதை அழிக்கக்கூடாது, தள்ளிப் போடக்கூடாது. கோட்டை அழிப்பதும் செத்தவரைத் தோண்டி எடுப்பதும் ஒன்று என்பது அங்கே வழக்கம்.

அந்த மனைவி பெயர் இனாமே. தனோபே வீட்டுப் பெண். அவனுக்குக் கல்யாணம் பிந்தித்தான் நடந்தது, அவள் ஆற்றைக் கடந்து வாழ வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. சுயு என்று மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. இனாமேக்கு வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய கணவனுக்கு வாயே கிடையாது என்பதால் வீட்டில் சரியாகிவிட்டது.

இப்போது தொயோமே அம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் அவள் செத்ததுதான் வினை. தொயோமே கவாசேயில் பிறந்து தனோபேக்கு வாழ்க்கைப்பட்டவள். கணவன் சீக்கிரமே போய்விட்டான். அதன்பிறகு முப்பது வருடம் இரண்டு கரைகளையும் அவள்தான் ஆண்டாள். அவள் இருந்தவரை ஆற்றில் மீன் ரத்தம் தவிர வேறு ரத்தம் கலந்ததில்லை. நாரைகளை யாரும் கண்ணி வைத்துப் பிடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டவளும் அவள்தான்.

அந்த நாட்டில் பெரிய மனிதர்கள் உயிரோடு இருக்கும்போதே தங்கள் மேட்டைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். குரோமாரோ ஒவ்வொரு வருடமும் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அவள் வாசலில் நிற்பான்.

"அம்மா, முளை அடிச்சுடட்டுங்களா?"

"இந்த அறுப்பு முடியட்டும் குரோமாரோ" என்பாள் அவள்.

"வட்டமா சதுரமான்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா..."

"அறுப்பு முடியட்டும்னேனே."

முப்பது அறுப்பு முடிந்தது. முப்பத்தோராவது அறுப்பும் முடிந்தது, அவளும் முடிந்துபோனாள். குடைந்த மரப்பெட்டியில் உடலை வைத்து, ஆற்றங்கரையில் ஒரு துக்கக் குடில் போட்டு, மேடு கட்டி முடிக்கும்வரை இருக்கட்டும் என்று அதற்குள் வைத்தார்கள். இரண்டு குலத்துப் பெண்களும் முறை வைத்துச் சோறு படைத்தார்கள். மேடு என்ன வடிவம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலையிலேயே கவாசேத் தலைவர் ஹமுகோ குரோமாரோவின் வீட்டுக்கு வந்துவிட்டார். தடித்த குரல், தடித்த புருவம்.

"நம்ம வீட்டுல பொறந்த பொண்ணுடா அது. பொறந்த வீட்டு முறைப்படிதான் போகணும். வட்டம் போடு."

"சரிங்க பெரியவரே" என்றான் குரோமாரோ. அவனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"சதுரம் போட்டேன்னு வெச்சுக்கோ, உறவு அத்துப்போச்சு. அந்தக் கரையில வாழப் போன நம்ம பொண்ணுங்க அத்தனை பேரையும் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவேன். அவங்க பொண்ணுங்களையும் அனுப்பிச்சுடுவேன். அப்புறம் ஈட்டிதான் பேசும்."

இதுவும் அங்கே பழைய வழக்கம். இரண்டு குலத்துக்கும் பகை மூண்டால், வாழ வந்த பெண்கள் பிறந்த வீட்டுக்குத் திரும்பவேண்டும். பெண் குழந்தைகள் தாயோடு போகும். குரோமாரோ அடுப்படியில் குந்தியிருந்த இனாமேயைப் பார்த்தான். அவள் மடியில் சுயு வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது.

ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் இரண்டு குலத்துக்கும் பொதுவான ஒரு நிலம் உண்டு. அங்கே போய் முளையை அடித்தான், கயிற்றைப் பிடித்துச் சுற்றினான், இனாமே மாவு தூவினாள். பெரிய வட்டம் ஒன்று விழுந்தது. ஹமுகோ திருப்தியாகப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஆற்றைக் கடந்து தனோபேத் தலைவர் நெதாரி வந்தார். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். மெல்லிய குரல்காரர்கள்தான் அதிகம் பயமுறுத்துவார்கள்.

"எங்க வீட்டுக்கு வாழ வந்த மகராசி. புகுந்த வீட்டுலதான் அவ செத்தா. எங்க முறைதான். சதுரம் போடுங்க மாப்பிள்ளை."

இனாமே அவர் குலத்துப் பெண் என்பதால் குரோமாரோ அவருக்கு மாப்பிள்ளை முறை. அவர் சொன்னதும் அவனுக்கு நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவனுடைய நோய். எதிரே யார் நிற்கிறார்களோ அவர்கள் பக்கம் நியாயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"இல்லேன்னா எங்க பொண்ணுங்கள நாங்க அழைச்சுக்குறோம்" என்றார் நெதாரி, இனாமேயைப் பார்த்துக்கொண்டே. "இனாமே, மூட்டையெல்லாம் கட்டத் தெரியும்ல உனக்கு?"

அவள் மாவுக் கூடையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

நெதாரியின் கண் தரையில் இருந்த வட்டத்தின் மேல் போனது. "இது என்ன?"

குரோமாரோவின் வாயிலிருந்து ஒரு பொய் தானாக இறங்கி வந்தது. "அது வந்துங்க... மண்ணு கொட்டி வெக்கிற இடம். அங்க கொட்டி, இங்க எடுத்துப் போடணும்."

"அப்ப சரி."

வட்டத்தை ஒட்டி, மலைக்கு எதிர்ப்பக்கமாக, நான்கு முளை அடித்தான். சதுரம் விழுந்தது. மறுநாள் ஹமுகோ வந்து, "இது என்னடா மூலையும் முடுக்குமா?" என்று கேட்டபோது, "படையல் போடற மேடைங்க, முன்னால ஒரு மேடை வேணுமில்ல" என்றான். இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது.

அன்று மதியம் அவன் ஆற்றில் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு நாரை பக்கத்தில் வந்து இறங்கியது. சாம்பல் நிற நாரை, வயதானது. மேலே பறந்தபடி எல்லாவற்றையும் பார்த்திருந்தது.

"என்ன தம்பி, வட்டத்துக்கு வாலு முளைச்சிருக்கு?"

"ரெண்டும் தனித்தனிங்க நாரையக்கா."

"மேலேர்ந்து பாத்தா அப்படித் தெரியலையே. ஒரே உருவமாத்தான் தெரியுது. தலை ஒண்ணு, பாவாடை ஒண்ணு."

"கீழ இருக்கறவங்களுக்கு ரெண்டு."

"உனக்கு?"

குரோமாரோ யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். "எனக்குத் தெரியலக்கா" என்றான். நாரை ஒரு மீனைக் கொத்திக்கொண்டு பறந்துபோனது.

பனிக்காலம் முழுக்க வேலை நடந்தது. கவாசேக்காரர்கள் வட்டத்தில் மண்ணைக் கொட்டினார்கள். தனோபேக்காரர்கள் சதுரத்தில் கொட்டினார்கள். அவரவருக்கு மற்றவர் தமக்கு உதவி செய்வதாக நினைப்பு. பகல் சாப்பாட்டுக்கு நடுவில் சேர்ந்து உட்கார்ந்தார்கள், உப்பு மீனைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், "உங்க ஆளுங்க நல்லாத்தான் உழைக்கறாங்க" என்று ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டார்கள். இரண்டு மேடும் வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடுவில் கழுத்துப் போல ஒரு பள்ளம் மட்டும் நின்றது.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு உயரம் இருந்தது, அதில்தான் மாட்டிக்கொண்டது. மண்ணைக் கொட்டி வைக்கும் இடம் ஏன் குறையவே மாட்டேன் என்கிறது என்று நெதாரி யோசித்தார். படையல் மேடை எதற்குக் கல்லறை உயரத்துக்கு எழும்புகிறது என்று ஹமுகோ யோசித்தார். பனி உருகிய ஒரு நாள் காலையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உச்சிக்கு ஏறி, எதிர் உச்சியில் ஒரு குழி வெட்டியிருப்பதை ஒரே நேரத்தில் பார்த்தார்கள்.

அன்றைக்கே ஈட்டிகள் வெளியே வந்தன. கோட்டை அழிக்கலாமா? முடியாது, வழக்கம் இல்லை. ஒரு மேட்டை இடிக்கலாமா? யாருடையதை? கத்திக் கத்தித் தொண்டை வற்றிய பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேடு இரண்டும் இருக்கட்டும். தொயோமே எந்தக் குழியில் இறங்குகிறாளோ அதுதான் கல்லறை, மற்றது வெறும் மண். பெட்டியைத் தூக்குகிறவர்கள் எட்டுப் பேர், குலத்துக்கு நான்கு பேர். தங்களை மண்ணுக்குள் வைத்தவர் யாரென்று செத்தவர் அடையாளம் கண்டுகொள்ளக்கூடாது என்பதற்காக, தூக்குகிறவர்கள் கண்ணில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டு போகிறவன் கயிற்றுக்காரன். அவன் ஒருவனுக்குத்தான் கண் திறந்திருக்கும்.

ஆக, அது குரோமாரோவின் தலையில் வந்து விடிந்தது.

"எந்தப் பக்கம் போகப்போறீங்க?" என்று கேட்டாள் இனாமே. துக்கக் குடிலுக்கு விடியற்காலை போகவேண்டும். முந்தின நாள் மதியம் அவள் சுயுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"தெரியல."

"வட்டத்துல வெச்சா எங்க ஆளுங்க என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. சதுரத்துல வெச்சா உங்க ஆளுங்க என்னை அனுப்பிச்சுடுவாங்க. எப்படி வெச்சாலும் எனக்கு மூட்டைதான். அதனால நீங்க எனக்காக யோசிக்காதீங்க."

"உனக்காக யோசிக்காம வேற யாருக்காக யோசிக்கறது?"

அவள் சீப்பை நிறுத்தினாள். "சரி, ஒண்ணு கேக்குறேன். நான் செத்தா என்னை எங்க வெப்பீங்க?"

"என்ன பேச்சு இது?"

"சும்மா சொல்லுங்க. அந்தக் கரையில பொறந்தேன். இந்தக் கரையில வாழறேன். ஆறு வருஷத்துல எந்தக் கரை என் கரைன்னு யாரும் என்கிட்ட கேட்டதில்ல. இப்ப மட்டும் எல்லாரும் கேக்குறாங்க. அதுவும் செத்த பொம்பளைய வெச்சுக்கிட்டு."

குரோமாரோ கயிற்றை எடுத்துச் சிக்கெடுக்கத் தொடங்கினான். அவன் மனதில் பயம் மட்டும்தான் இருந்தது. இவளும் குழந்தையும் ஆற்றைக் கடந்து போவார்கள், அவன் இந்தக் கரையில் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், எதிரே வருகிறவர்களில் அவள் அண்ணன் இருப்பான். இதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை. யோசித்தபோதெல்லாம் கயிறு சிக்கிக்கொள்வது போலச் சிக்கிக்கொண்டது.

விடிந்தபோது மூடுபனி. சாதாரண மூடுபனி இல்லை, கையை நீட்டினால் விரல் தெரியாத மூடுபனி. ஆறு எங்கே இருக்கிறது என்று சத்தத்தைக் கேட்டுத்தான் சொல்லமுடியும். குலத்தார் எல்லாம் மேட்டின் அடிவாரத்தில் நின்றார்கள். கவாசே ஒரு பக்கம், தனோபே ஒரு பக்கம். தனோபேப் பெண்கள் எல்லாரும் முன்னெச்சரிக்கையாக மூட்டையோடு தங்கள் ஆட்கள் பக்கம் போய் நிற்கவேண்டும் என்று நெதாரி சொல்லியிருந்தார். கவாசேப் பெண்களையும் ஹமுகோ அப்படியே வரச்சொல்லியிருந்தார். இனாமே இடுப்பில் சுயுவோடும் தலையில் மூட்டையோடும் அந்தப் பக்கம் போனாள். போகும்போது திரும்பிப் பார்த்தாளா என்று குரோமாரோவுக்குத் தெரியவில்லை. பனி மறைத்துவிட்டது.

எட்டுப் பேரும் பெட்டியைத் தூக்கினார்கள். குரோமாரோ கயிற்றைப் பிடித்தான். சரிவில் ஏறி நடுக் கழுத்துக்கு வந்து நின்றான். ஒரு பக்கம் வட்டத்தின் உச்சி, ஒரு பக்கம் சதுரத்தின் உச்சி. இரண்டும் பனிக்குள் இருந்தன. கால் எழும்பவில்லை.

"என்ன நின்னுட்ட?" என்றது ஒரு குரல். நாரை கழுத்துப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது.

"நாரையக்கா" என்றான் அவன், மெதுவாக. "நீங்க முன்னால நடங்க. நான் பின்னால வர்றேன்."

"எந்தக் குழிக்கு?"

"எனக்குச் சொல்லாதீங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அங்க."

"எனக்கு எதுக்குடா இந்த வம்பு?"

"அந்த அம்மா உங்களைக் கண்ணியிலேர்ந்து காப்பாத்தினாங்கல்ல. அதுக்காக."

சொல்லிவிட்டு, எந்தக் கயிற்றுக்காரனும் செய்யாத காரியத்தைச் செய்தான். இடுப்புத் துணியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துத் தன் கண்ணையும் கட்டிக்கொண்டான்.

நாரை ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு நடந்தது. அந்தக் கனைப்புச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு குரோமாரோ நடந்தான், அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டுப் பேர் நடந்தார்கள். இடது பக்கம் திரும்பியது போல இருந்தது, உடனே வலது பக்கம் திரும்பியது போல இருந்தது. நாரை வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி நடந்தது. எங்கோ ஒரு குழி காலில் தட்டுப்பட்டது. பெட்டியை இறக்கினார்கள். கல் பரப்பினார்கள், களிமண் பூசினார்கள், மண்ணைத் தள்ளினார்கள். பிறகு நாரை அவர்களை மறுபடி சுற்ற வைத்தது. மேலே போனார்களா கீழே போனார்களா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு குழி. "இதையும் அதேமாதிரி மூடுங்க" என்றான் குரோமாரோ. அதே கல், அதே களிமண், அதே மண். தூக்கினவர்களில் ஒருவன், "யோவ், நாம அம்மாவை இறக்கினது எந்தப் பக்கம்?" என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை.

கண் கட்டை அவிழ்த்தபோது பனி கலைந்துகொண்டிருந்தது. இரண்டு உச்சியும் தெரிந்தன. இரண்டும் ஒன்றுபோல மூடப்பட்டிருந்தன. குரோமாரோ இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான். தான் நினைத்ததுபோலவே எல்லாம் நடந்திருக்கிறது என்று அவனுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வரவில்லை. முப்பது வருடம் தன்னை "குரோமாரோ" என்று கூப்பிட்ட அம்மாளை எங்கே வைத்தோம் என்று தெரியாத ஒரு கயிற்றுக்காரன் தான் என்பதுதான் அவனுக்குத் தோன்றியது.

கீழேயிருந்து இரண்டு தலைவர்களும் ஏறி வந்தார்கள். பின்னால் ஈட்டிக்காரர்கள்.

"எந்தப் பக்கம்?" என்றார் ஹமுகோ.

"தெரியாதுங்க."

"மாப்பிள்ளை, விளையாடாதீங்க" என்றார் நெதாரி.

"நானும் கண்ணைக் கட்டிக்கிட்டேங்க."

இரண்டு பக்கமும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. முதலில் அவனை வெட்டுவதா, அல்லது ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு பிறகு அவனை வெட்டுவதா என்பதுதான் அந்த முணுமுணுப்பின் சாரம். அப்போது தூக்கினவர்களில் ஒருவன், "நாரைக்குத் தெரியும். அதுதான் எங்களை நடத்திச்சு" என்றான்.

எல்லாருடைய கண்ணும் நாரைமேல் போயிற்று. அது நடுப் பள்ளத்தில், ஒரு கால் வட்டத்துப் பக்கமும் ஒரு கால் சதுரத்துப் பக்கமுமாக நின்றுகொண்டிருந்தது.

"சொல்லு" என்றார் ஹமுகோ.

"சொல்ல வேணாம்" என்றார் நெதாரி. "வாயால சொன்னா நாளைக்கு ஒருத்தர் ஒண்ணு கேட்டேம்பார், இன்னொருத்தர் வேற கேட்டேம்பார். நடந்து காட்டட்டும். அந்த அம்மா இருக்கற பக்கம் ஒரே ஒரு அடி எடுத்து வெக்கட்டும். போதும்."

முதல்முறையாகக் கத்தாமலேயே இரண்டு தலைவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். கெட்ட காரியத்துக்கு ஒற்றுமை எப்போதும் சீக்கிரம் வந்துவிடும்.

நாரை ஒரு காலைத் தூக்கியது.

மேட்டின் அடியில் பெண்கள் கூட்டம் அசையாமல் நின்றது. கவாசேப் பெண்கள் மூட்டையோடு, தனோபேப் பெண்கள் மூட்டையோடு. குழந்தைகளில் சிலது இந்தப் பக்கம் அப்பாவைப் பார்த்தது, சிலது அந்தப் பக்கம் தாத்தாவைப் பார்த்தது. சுயு இனாமேயின் இடுப்பிலிருந்து கையை நீட்டி, மேலே நின்ற குரோமாரோவைக் காட்டி, "அப்பா" என்றது. அவ்வளவு அமைதியில் அது எல்லாருக்கும் கேட்டது.

நாரை தூக்கிய காலைப் பார்த்தது. கீழே நின்ற மூட்டைகளைப் பார்த்தது. பிறகு அந்தக் காலை மெதுவாக மடக்கி, வயிற்றுச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. வாயையும் மூடிக்கொண்டது.

"ஏய், காலை ஊன்று" என்றார் ஹமுகோ.

நாரை அசையவில்லை.

"வாயாலயாவது சொல்லு" என்றார் நெதாரி.

நாரை கழுத்தைச் சுருக்கி, தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. ஈட்டியை எவ்வளவு நேரம்தான் தூக்கிப் பிடிப்பது? ஒருவன் தரையில் ஊன்றினான், அடுத்தவன் சாய்த்து வைத்தான். குழந்தைகள் பசியில் அழுதன. இனாமே தன் மூட்டையை அவிழ்த்தாள். போகிற வழிக்கு என்று கட்டிவைத்த சோற்று உருண்டைகள் அதில் இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், மேட்டில் ஏறி வந்து கணவன் கையில் கொடுத்தாள்.

"எங்கடி போற?" என்று பின்னாலிருந்து அவள் அண்ணன் குரல் கொடுத்தான்.

"நாரை இன்னும் ஊன்றலையே" என்றாள் அவள், திரும்பாமல். "ஊன்றற வரைக்கும் நான் இந்த வீட்டுப் பொண்டாட்டிதானே. அந்த வீட்டுப் பொண்ணும்தான். சாப்பிடுங்க நீங்க."

அவளைப் பார்த்து இன்னொருத்தி மூட்டையை அவிழ்த்தாள். பிறகு இன்னொருத்தி. சோறு இரண்டு பக்கமும் போயிற்று. சாயங்காலம் ஆனது. "சரி, நாளைக்குப் பாக்கலாம்" என்றார் ஹமுகோ. மறுநாளும் நாரை அப்படியே நின்றது. நாற்றங்காலில் நாற்று முற்றி மஞ்சளாகத் தொடங்கியது. நாற்று யாருக்காகவும் காத்திருக்காது. "நடவு முடிஞ்சு பாக்கலாம்" என்றார் நெதாரி. நடவு முடிந்தது. களையெடுப்பு வந்தது. "அறுப்பு முடியட்டும்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னவருக்கே எங்கோ கேட்ட சொல் போல இருந்தது.

அதற்குள் காரியங்கள் ஒவ்வொன்றாகக் குழம்பிப்போயின. கவாசேக்காரர்கள் வட்டத்துக்கு மட்டும் படையல் போடப் போனார்கள். ஒருவேளை அம்மாள் சதுரத்தில் இருந்து பட்டினி கிடந்தால்? இரண்டுக்கும் போட்டார்கள். தனோபேக்காரர்கள் சதுரத்தைச் சுற்றிச் சுட்ட மண்குழாய்களை வரிசையாக நட்டு வேலி கட்டினார்கள். ஒருவேளை வட்டத்தில் இருந்தால்? இரண்டையும் சேர்த்துச் சுற்றி வளைத்தார்கள். மழைக்கு மண் கரையாமல் இருக்க அகழி வெட்டியபோது நடுவில் பிரிக்கவே முடியவில்லை. ஒட்டுமொத்தமாக ஒரே அகழியாக வெட்டி ஆற்றுத் தண்ணீரை விட்டார்கள். நாரை பள்ளத்திலிருந்து இறங்கி அந்தத் தண்ணீரில் நின்றது. தண்ணீர் எந்தப் பக்கத்துக்கும் சொந்தம் இல்லை. அங்கேயும் ஒரு கால்தான்.

சில வருடம் கழித்து ஹமுகோ இறந்தார். அவருக்கு வட்டம் போட்டால் போதும், அதில் சண்டையே இல்லை. ஆனால் அவர் மகன் கயிற்றுக்காரனிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எங்கம்மா தனோபே வீட்டுப் பொண்ணு. அப்பாவை வட்டத்துல வெச்சா அம்மாவுக்கு நாளைக்கு எங்க இடம்?"

குரோமாரோ யோசிக்கவில்லை. முளையை அடித்தான், வட்டம் சுற்றினான். அதை ஒட்டி நான்கு முளை அடித்தான். இனாமே மாவு தூவிக்கொண்டு வந்தாள். வட்டமும் சதுரமும் சேரும் இடத்துக்கு வந்தபோது அவள் கை கொஞ்சம் தயங்கியது. அங்கே மட்டும் கோடு போடாமல், திறந்தபடியே விட்டுவிட்டாள்.

"இங்க ஏன் போடல?" என்று கேட்டான் அவன்.

"போறதுக்கும் வர்றதுக்கும்" என்றாள்.

அதன்பிறகு பெரிய மேடு கட்டிய குலமெல்லாம் அப்படியே கட்டின. எது முக்கியம் என்று தெரியாதபோது இரண்டையும் வைத்துக்கொள்வதுதானே மனிதப் புத்தி. கீழே நின்று பார்த்தால் இன்றும் ஒன்றும் விளங்காது. இரண்டு காட்டுக் குன்றுகள், சுற்றிலும் தண்ணீர், அவ்வளவுதான். முழு உருவம் மேலே பறக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்களோ வாயைத் திறப்பதில்லை. நாரை மீனுக்காக நடக்கும், மழைக்கு ஒதுங்கப் பறக்கும், அதெல்லாம் செய்யும். ஆனால் நின்று யோசிக்கும்போது பாருங்கள், ஒரு கால் சிறகுக்குள் போய்விடும்.

அன்று முதல்தான் அந்த நாட்டுப் பழைய கல்லறை மேடுகள் பின்னால் வட்டமும் முன்னால் சதுரமுமாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அன்று முதல்தான் நாரையும் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறது, அதை ஊன்றினால் யாரோ ஒருத்தி தன் இரண்டு வீட்டில் ஒன்றை இழந்துவிடுவாள் என்று.